ஆர்க்காடு

நோயாளியின் தாளில் இரண்டு கட்டங்கள்:
மருந்து தொடங்கிய நாள், நிறுத்தும் நாள்.
முதல் கட்டம் கிறுக்கலாய் நிறைந்திருக்கும்.
இரண்டாவது,
மே மாதத்துப் பாலாறு.

காலை ஏழு மணி. ஆண்கள் வார்டு, இருபத்திரண்டு கட்டில்.
மருந்தாளுநர் என்று என் சட்டையில் எழுதியிருக்கிறது;
முதுகுக்குப் பின்னால் என் பெயர் கேள்வித்தாள்.
ஏன் இது, இன்னும் எத்தனை நாள்,
கல்ச்சர் அனுப்பியாயிற்றா?
கேட்டுக்கொண்டே
இட்லி வண்டிக்கு வழிவிட்டு நடக்கிறேன்.

மூன்றாவது கட்டில், ஒடுகத்தூர் குப்புராஜ்.
ஏழு நாள் காய்ச்சல். மெரோபெனம், மூன்றாம் நாள்.
"பெரிய ஊசியா போடுங்க" என்று
கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
நின்றாளாம் மனைவி.
டாக்டர் தயாளனுக்கு அப்போது இரவு மூன்று மணி,
வெளியே பெஞ்சில் இன்னும் ஒன்பது பேர்.
"நிறுத்தி, ஏதாவது ஆச்சுன்னா
நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"
மாட்டேன். அதுவும் உண்மைதான்.
அந்தப் பயத்துக்குப் பட்டியலில் மருந்தில்லை.
அதனால் அதற்கும் சேர்த்துத்தான்
மெரோபெனம் எழுதுகிறோம்.

போன வருஷம், ஒன்பதாவது கட்டில்.
நான் கேட்காமல் விட்ட தாள்.
ஆய்வக அறிக்கையில்
ஒவ்வொரு மருந்தின் பெயருக்கு நேரேயும்
ஒற்றை எழுத்து, மேலிருந்து கீழ்வரை:
கிருமி இதற்கு அடங்காது என்று அர்த்தம்.
"ஆர்... ஆர்... ஆர்..."
வாய்க்குள் நான் வாசித்தது காதில் விழுந்து
பையனின் அம்மா, சோளிங்கர்க்காரி,
"ஆரைக் கேக்குற?" என்றாள்.

ஆத்தி மரத்துக்கு ஆர் என்றும் பெயர்;
ஆர் அடர்ந்த காடு ஆர்க்காடு என்பார்கள்.
அந்த மரங்களை நான் பார்த்ததில்லை.
இந்தக் காட்டை நட்டது நாங்கள்,
ஊசி ஊசியாய்.

சிஸ்டர் ஹெப்சிபாதான் கூப்பிட்டாள்.
ஈரத்துணியால் குப்புராஜுக்கு உடம்பு துடைக்கையில்
அரைஞாண் கயிற்றுக்கு அடியில்
பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.
"ஆடு ஓட்டிக்கினு புதருக்குள்ள போனியா?"
"வேற எங்க போவேன்?"

தயாளன் டார்ச் அடித்துக் குனிந்தார்.
நேரம் எடுத்துக்கொண்டார்.
மூன்று நாளாய் யாரும் அவிழ்த்துப் பார்க்காத
இரண்டு அங்குலத் தோல்.
உண்ணிக் காய்ச்சல்.
ஒரு டீயைவிட மலிவான மாத்திரை போதும்.

நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பேனாவை மூடியிருப்பார்.
மெரோபெனத்தின் மேல் ஒரு கோடு கிழித்து,
காலிக் கட்டத்தில் இன்றைய தேதி எழுதி,
மாத்திரைக்கும் நிறுத்தும் நாள் போட்டார்.
உடைக்காத நான்கு குப்பிகளை
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை குப்புராஜ்
சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டான்.
காய்ச்சல் இல்லை.

எல்லாத் தாளும் இப்படி முடிவதில்லை.
பதினான்காவது கட்டிலில் மெரோபெனம்தான் சரி,
அதை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று
நானே இரண்டு முறை போன் செய்தேன்.

"அடுத்தது?" என்கிறார் தயாளன், முகம் பார்க்காமல்.
நாலாவது கட்டில்.
பாலாறு.