நாலடி தள்ளி

தாளவாடிக் காட்டுக்குள் முட்டைக்கோஸ் ஏற்றப் போனால்
அச்சு வரப்பில் தட்டும்.
மழை பெய்த மறுநாள் டிராக்டர் கட்டி இழுக்க
முந்நூறு ரூபாய், டீக்காசு தனி.
அதற்காகத்தான் மாற்றினோம்.
பழையதைவிட மூணு அங்குலம் உசரம்.
மச்சான் கிட்டான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து
மாமியார் வீட்டுக்கு அனுப்பினான்.
பன்னாரியில் நாலு எலுமிச்சை வைத்து ஏற்றினோம்.
வண்டி கொஞ்சம் திமிராகத்தான் நின்றது.

ஜக்கரியா மட்டும் சக்கரத்தைப் பார்க்கவில்லை.
மண்டியிட்டு உள்ளே டார்ச் அடித்தார்.
“டிரம் அதேதானா?”
அதேதானுங்க.
“லைனிங்கு?”
போன ஆடியில போட்டதுங்க.
ஸ்பேனரை நுனியில் பிடித்துக் காட்டினார்,
பிறகு நடுவில்.
“நுனியில புடிச்சா நட்டு லேசாத் திரும்புதில்ல?
இப்ப ரோடு உங்க சக்கரத்தை நுனியில புடிச்சிருக்கு.
பிரேக்கு இன்னும் நடுவுலயே நிக்குது.”

முன்னால் பெரிய டிஸ்க், பின்னால் அகல டிரம்,
மாஸ்டர் சிலிண்டர், கூலி.
அவர் சொன்ன தொகைக்கு
கன்றோடு ஒரு கறவை மாடு வரும்.
“மாடு வந்தா பால் வரும்,
பிரேக்கு வந்தா என்ன வரும்?” என்றாள் மயிலாத்தாள்.
நான் வருவேன் என்று சொல்லியிருக்கலாம்.
அப்போது தோன்றவில்லை.

திம்பம்.
காலை ஆறுக்குச் செக்போஸ்ட் திறந்தார்கள்.
ஒன்றரை டன் கோஸ், முதுகில் பனி.
இருபத்தேழாம் வளைவிலிருந்து
எண்கள் இறங்க நானும் இறங்கினேன்.
முள் முப்பது காட்டியது.
முள்ளுக்குப் பழைய சக்கரம்தான் தெரியும்.
போனது முப்பத்துமூணு.
பொய் சொல்லவில்லை, பாவம்,
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

பதினாலில் கருகிய வாசம்.
ஒன்பதில் மிதி கொஞ்சம் ஆழம் போய் வந்தது.
ஆறாம் வளைவில் மேலே ஏறி வந்தது ஒரு சிமெண்ட் லாரி,
ரோட்டு அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு.
நான் நிற்க வேண்டிய இடத்தில்
வெள்ளைக் கோடு இருந்தது.
நின்றேன்.
நாலடி தள்ளி.

லாரிக்காரர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
அவருடைய கிளீனர் இறங்கி வந்து
இரண்டு பம்பருக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தான்.
நுழைந்தது.
தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான்.

ஓரங்கட்டினேன்.
சூட்டில் தண்ணி ஊற்றினால் டிரம் வெடிக்கும்,
தானாக ஆற முக்கால் மணி.
குரங்குகள் இரண்டு கோஸ் எடுத்துக்கொண்டன.
நான் என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறு யாருடையதோ போல அது நடுங்கியது.

சத்தி வந்ததும் கிட்டான் கணக்குப் போட்டான்:
“சக்கரத்தை வித்தாத்தான் பிரேக்குக்குக் காசு.
சக்கரத்தை வித்துட்டா பிரேக்கு எதுக்கு மாப்ள?”
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்,
நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

இப்போது வண்டியில் பழைய சக்கரம்.
வரப்பு தட்டுகிறது. டிராக்டர்க்காரருக்கு ரொம்பச் சந்தோசம்.
பெரியவை நாலும் கொட்டகையில் படுத்திருக்கின்றன.
ஒன்றின் குழிக்குள் கருங்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.
இருபத்தொரு நாளைக்குத் தொடக்கூடாது என்கிறாள் மயிலாத்தாள்.
ஜக்கரியாவிடம் அட்வான்ஸ் கொடுத்ததை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
மிச்சப் பணத்துக்கு
எனக்கும் அவ்வளவு நாள் வேண்டும்.