பன்னிரண்டாம் தரம்

கடைவாய்ப் பல்லில் சீழ்.
டொக்யார்ட் வீதியில் பிடுங்கி,
நாளுக்கு நாலு குளுசை, ஏழு நாள் என்று
துண்டெழுதித் தந்தார்கள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமாம்.
பல்லுக்கு வந்தது பல்லோடு போகவில்லை.

ஐந்தாம் நாள்
மூதூர் வள்ளத்துக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.
இறங்குதுறையில் எண்ணுவதுதான் என் தொழில்:
தலை, சைக்கிள், கோழிக்கூடை.
அன்றைக்கு எண்ணியது
கவுண்டருக்கும் கக்கூசுக்கும் இடையில்
ஓடிய ஓட்டத்தை.
ஏழு. எட்டு. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
பதினொன்றுவரை தண்ணீர்.
பன்னிரண்டாவதில் பீங்கான் சிவந்தது.

முதலில் நினைத்தது என்ன தெரியுமா?
மாதக்கணக்கை.
ஐம்பத்திரண்டு வயதில் திரும்பி வந்திருக்கிறதென்று
ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது.
பிறகு வயிற்றை யாரோ
ஈரச் சாரம்போல் முறுக்கிப் பிழிந்தார்கள்.

வாட்டில்
இளம் டொக்டர், மாத்தறைப் பெடியன்,
தமிழைத் தேடித் தேடி
கடைசியில் கேட்டார்: "லே?"
"ஓம், லே" என்றேன்.
வெட்கத்தைத் தாய்மொழியில் சொல்லாமல் விட்டதில்
ஒரு சுகம் இருந்தது.

குளுசை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மிஸ்ஸி யோகரத்தினி மொழிபெயர்த்தாள்:
குடலுக்குள் காலங்காலமாய்க் குடியிருந்த கிருமிகளை
மருந்து கிளப்பிவிட்டதாம்.
வெறுமையாய்க் கிடந்த இடத்தில்
வேறொன்று வந்து இருந்துவிட்டதாம்.
"விளங்குதா அக்கா?"
அடுத்த கட்டிலில் கிண்ணியா ஜெசீமா
என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.
திருகோணமலைக்காரருக்கு
இதையா விளங்கப்படுத்த வேண்டும்?

பழைய குளுசையை நிறுத்தினார்கள்.
அது செய்த வேலைக்கு
ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம்
அதன் சாதிசனத்திலேயே இன்னொன்று.
பயந்து பயந்து விழுங்கினேன்.
ஜீவனித் தண்ணீர். சேலைன்.
இரவில் யன்னலுக்கு வெளியே
மான்கள் குப்பைக் கடதாசி மென்றன.
அவற்றின் வயிற்றின்மேல் எனக்குப் பொறாமை.

ஒன்பது நாளில் வீடு.
பத்து நாள் கழித்து
தம்பலகாமத்து எருமைத்தயிர், ஒரு கரண்டி.
விழுங்கிவிட்டு
வயிற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்,
கதவைத் தட்டியவர் யாரென்று கேட்பதுபோல.

மறுபடி கவுண்டர்.
"ஊழியருக்கு மட்டும்" என்ற மட்டையோடு
சாவி என் முதுகுக்குப் பின்னால் தொங்கும்.
பத்து வருடம். எத்தனை பேர்
வயிற்றைப் பிடித்தபடி கேட்டிருப்பார்கள்,
சட்டம் சொல்லி அனுப்பினேன்.
அதை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

சாவி இன்னும் ஆணியில்தான்.
ஆணியைப் பிடுங்கி
வெளிச்சுவரில் அடித்திருக்கிறேன்.