பள்ளிக்கூடமா, பாலமா

காலை ஐந்தரை.
பட்டர்வொர்த் அடுக்குமாடி, ஏழாம் மாடிக் குளியலறையில்
ஒரு பட்டைத்தாளை நனைத்து
அறுபது வினாடி எண்ணுகிறோம்.
மஞ்சள் என்றால் பள்ளிக்கூடம்.
பச்சை என்றால் பாலம் தாண்டி மருத்துவமனை.
பத்து மாதமாகப் பச்சை.

என் பச்சைப் புடவைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.
அவள் காரணம் கேட்கவில்லை.

"நிலா முகம்" என்றார் டாக்டர்.
பிரெட்னிசோலோன் செய்வது அது.
நம் பேச்சில் அது கொஞ்சல்.
கல்யாண வீட்டில் லோஷினியின் கன்னத்தைக் கிள்ளி,
"கொழுகொழுன்னு இருக்காளே, என்ன குடுக்கிறீங்க?"
மூன்று மருந்து கொடுக்கிறோம்,
மூன்றுக்கும் கேட்கவில்லை.
சொல்பேச்சு கேட்காத பிள்ளையை மிரட்டலாம்.
கேட்காத சிறுநீரகத்தை?

கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தினால்
குழி விழும்.
குழி தூர்ந்துபோகும்வரை அவளே எண்ணுவாள்,
வாய்ப்பாடு சொல்லும் குரலில்.
ஒருநாள் நாற்பதுவரை போனாள்.
"பாத்தியாம்மா, நிறுத்தாம எண்ணினேன்!"

பிறகு இயந்திரம்.
வாரம் இரண்டு முறை, மும்மூன்று மணி நேரம்.
கழுத்துக் குழாய் வழியே இரத்தம் வெளியேறி
சிவப்பு ஒரு பக்கம்
மஞ்சள் நீர் ஒரு பக்கம் என்று பிரியும்.
அந்த நீர் தெளிந்திருக்க வேண்டுமாம்.
இவளுடையது, கொழுப்பு மிதந்து,
அரிசி கழுவிய தண்ணீர்.
ஓர் உருளைக்குள் போய்
எதையோ விட்டுவிட்டு
மறுபடி இவளாகத் திரும்பி வரும்.

"வேலை செய்யுமா?"
"சில பிள்ளைகளுக்குச் செய்யுது."
அந்தச் 'சில'வை
பழைய காஞ்சிலில், பாலத்தின் முழு நீளத்துக்கும்
துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
வாயில் வைத்திருந்தேன்.

வெளியே சுற்றி வந்த இரத்தம்
கொஞ்சம் குளிர்ந்துதான் வரும்.
மிஸ்ஸி நோராய்னி இரண்டாவது போர்வையோடு வந்தாள்.
"உதட்டுல எறும்பு" என்றாள் மகள்.
"செமுட்" என்றேன் நான்.
மிஸ்ஸி சிரிக்கவில்லை. கால்சியம் ஏற்றினாள்.
பக்கத்துக் கட்டில் வெய் ஜியே
தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கடையில் அப்பா தே தாரிக் கேட்டால்
லோஷினிக்குக் கோபம் வரும்.
எங்கள் வீட்டில் நுரை என்றால் ஒன்றுதான்.
"இழுக்காம ஊத்துங்க பாய்" என்பார் அவர்.
கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே
சப்பையாக ஊற்றி வைக்கிறார்.

ஆறு முறை முடிந்தது.
குழாயை எடுத்து, காது அடியில் பிளாஸ்திரி ஒட்டி
வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள். அறுபது வினாடி.
"மஞ்சள்" என்றார் அவர்.
"பச்சை" என்றேன்.
டியூப்லைட்டைக் குறை சொன்னோம்.
ஜன்னலுக்குக் கொண்டுபோனோம், இன்னும் விடியவில்லை.
கைப்பேசி வெளிச்சத்தில்
புட்டியின் வண்ணக் கட்டங்களோடு ஒட்டி வைத்து
இரண்டு பெரியவர்கள்
ஒரு நிறத்துக்காகச் சண்டை போட்டோம்.

பல் துலக்கிய நுரை வாயோடு வந்து பார்த்தாள்.
"பச்சைதான். ஆனா நேத்தைக்கு முந்தின கட்டம்."
நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.
"இதுக்குப் பள்ளிக்கூடமா, பாலமா?"

அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை.

அவளே காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.
கழற்றும்போது பார்க்க வேண்டும்,
கணுக்காலில் தடம்
எவ்வளவு ஆழம் என்று.