கோணல் வரிசை

மாடி அறையில் ஆல்டன்.
இன்றோடு பன்னிரண்டு நாள்.
படியில் சூப் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.
கதவு திறக்குமுன்
இருமல் வெளியே வந்துவிடும்.

ஃபண்டி விரிகுடாவின் பனிமூட்டம்
வேலிவரை வந்து நிற்கிறது.
மே பிறந்து மண் இளகிவிட்டது.
விதைக்கிழங்கைக் கண் பார்த்து வெட்டி
நானே நடுகிறேன்.

கயிறு கட்டாமல்
ஒரு வரிசை போட்டதில்லை அவர்.
போன வாரம் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார்:
ஒரு தட்டு, ஆழம் போதாது.
இரண்டு, நெருக்கம்.
நேற்று ஒன்றுமில்லை.
கண்ணாடியில் ஒரு காகிதம் மட்டும்:
'ஆக்ஸிஜன் 91. கவலைப்படாதே.'

இன்று கயிற்றைச் சுருட்டி வாளியில் போட்டேன்.
பாம்பு போன தடம்போல
வேண்டுமென்றே நட்டேன்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாவது கிழங்கில்
கண்ணாடி அதிர்ந்தது.
தட்டு. தட்டு. கொஞ்சம் பொறுத்து,
தட்டு.

மூன்றுக்கு
நாங்கள் இன்னும் அர்த்தம் வைக்கவில்லை.