தராசுக்காரியின் அளவு

எட்டுக்கு நாலு மெரைன் ப்ளை.
காசிமேட்டில் திரும்பும்போது
சாலமனின் மீன்பாடி வண்டியைப்
பாய்மரம் என்று நினைத்துக்கொண்டது காற்று.
பலகையை நான் பிடித்துக்கொண்டிருந்தேனா,
பலகை என்னைப் பிடித்துக்கொண்டிருந்ததா,
சொல்வதற்கில்லை.

ஹவுசிங் போர்டு படிக்கட்டு
இரண்டாவது வளைவில் முடியாது என்றது.
கட்டிலும் பீரோவும் பிணமும்
நிமிர்ந்துதான் இறங்கியாக வேண்டிய வளைவு அது.
நைலான் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றினோம்.
ஒவ்வொரு வீட்டு சன்னலையும்
தட்டிவிட்டுப் போனது பலகை.
மூன்றாவது மாடியில் ஒரு குரல்:
"இம்மாம் பெரிய டிவியாக்கா?"

மொட்டைமாடி. தண்ணீர்த்தொட்டியின் நிழல்.
உப்புக்காற்றில் நின்று உப்புத்தாள் தேய்த்தேன்.
முதல் பூச்சு வெள்ளை காய்வதற்குள்
கன்டெய்னர் லாரிகளின் கரி வந்து உட்கார்ந்தது.
இரண்டாவது பூச்சிலும்.
மூன்றாவதில் துடைப்பதை விட்டுவிட்டேன்.
இந்த ஊரில் வெள்ளை என்பதே அதுதான்.

நூலை நீலத்தில் தோய்த்து அடித்தேன்.
ஆறங்குலக் கட்டங்கள்,
நூற்றி இருபத்தெட்டு.

ஏலம் முடிந்து பத்து மணிக்கு வந்தாள் தேசம்மா.
ரப்பர் செருப்பு. முழங்கை வரை செதில்.
தட்டில் மீன் துடித்தால்
அடங்கும்வரை முள்ளைப் பார்க்கமாட்டாள்.
யார் அவசரப்பட்டாலும்
தோளருகே இடக்கை உயரும்,
உள்ளங்கை விரியும்: இரு.
அந்தக் கைக்காகத்தான் அவளைக் கேட்டேன்.

அடியில் தரைக்கு இரண்டு கட்டம் விட்டு
பலகையோடு சேர்த்து நிறுத்தி
தலைமேல் அடிக்கோல் வைத்தேன்.
பத்துக் கட்டம் முடிந்து
பதினொன்றில் ஒரு அங்குலம்.

"என் மூஞ்சி எவ்ளோ?"
"ஒன்றரைக் கட்டம்."
"அவ்ளோதானா! மிச்சத்துல இன்னா பண்ணுவே?"
"சேலை இருக்கு, கை இருக்கு,
உன் தலைக்கு மேல ரெண்டடிக்குக் காத்து இருக்கு."
"காத்துக்கு எதுக்கு பெயின்ட்டு?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஒட்டடைக்கம்பில் பிரஷ்ஷைக் கட்டி
ஒரு கோடு இழுப்பேன்.
ஏழு எட்டு பின்னால் போய்,
கைப்பிடிச்சுவர் முதுகில் இடிக்க, பார்ப்பேன்.
கிட்டே நின்றால் அது முழங்கால் இல்லை,
ஈரமான கத்தரிப்பூ நிறம், அவ்வளவுதான்.
மறுபடி ஏழு எட்டு.
அந்த மாதம் எண்ணூர் வரை
நடந்திருப்பேன், மாடியிலேயே.

ஆள் உயரத்துக்கு வரைந்தால்
ஆள் சின்னதாகத் தெரிகிறாள்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை இதை.
நேரில் நிற்பவளுக்கு வாசனை இருக்கிறது,
இருமல் இருக்கிறது,
அடுத்த நொடி திரும்பிப் போய்விடுவாள் என்பது இருக்கிறது.
பலகையில் அதற்கெல்லாம் சேர்த்து
அங்குலத்தில் கட்ட வேண்டும்.
உயரத்தில் இரண்டு கூட்டினேன்.
கையில் அரை விரல்.
போட்டோ எடுத்துப் பார்த்தேன்: தேசம்மாவேதான்.

முடிந்த அன்று வந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை.
நேராகப் போய்
வரைந்த உள்ளங்கைமேல்
தன் உள்ளங்கையை வைத்தாள்.
விரல் நுனிகளுக்கு அப்பால்
கொஞ்சம் பெயின்ட் மீந்தது.

கோபமெல்லாம் இல்லை.
காலையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ
அதே குரலில் சொன்னாள்:
"தட்டுல கட்டவிரலை வெச்சிருக்கே."

ராத்திரி, செல்போன் வெளிச்சத்தில்
அந்தக் கையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன்.
நீலக்கோடு வரை போய்,
திரும்ப அவளுடைய அளவுக்கே போட்டேன்.

உயரத்தைத் தொடவில்லை.
அதை அவள் அளக்கவில்லை.
அல்லது அளந்துவிட்டு,
பேசாமல் படியிறங்கிப் போயிருக்கிறாள்.
காற்றில்தானே
இரண்டங்குலம் குறைந்திருக்கிறது.