ஏழு குறை

ஊறணிச் சந்தியில் மறித்த பொலிஸ்காரர்
காரை இரண்டு தரம் சுற்றி வந்தார்,
மாடு வாங்க வந்தவர் மாதிரி.
குனிந்து அடியில் கைவைத்துப் பார்த்தார்.
"மிஸ், இது உங்கட காரா?"
தம்பியின்ட, என்றேன்.
அவன் கட்டாரில், என்றேன்.
மஞ்சள் தாளில் எழுதித் தந்தார்.
குறைகள் ஏழு.
அந்தக் கையெழுத்தை வாசிக்க
எனக்கு ஒரு பாடவேளை பிடித்தது.

பதினான்கு நாளுக்குள் பரிசோதகரிடம் காட்ட வேண்டும்.
வாகரை பஸ்ஸை நம்பினால்
இடாப்புக் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவேன்.
ஆகவே காத்தான்குடி, சாபிக் நானாவின் கராஜ்.

மூன்று வருடம் முன்பு
ஸ்பிரிங்கை அரிந்து காரைத் தாழ்த்தியவரும் அவர்தான்.
ரயர்க் குவியலுக்குப் பின்னால் தேடி
அரிந்த வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.
"இத இனி ஒட்ட ஏலாது மிஸ்"
என்றார், நான் ஒட்டச் சொல்லி வந்ததுபோல.

கழன்ற ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
அனுப்பியிருக்கக் கூடாது.
டோஹாவில் இரவு வேலை முடிந்து
அவன் குரல் வந்து சேரும்:
"பின்சிறகையும் கழட்டிட்டீங்களா?
என்னகா இது, வாலறுந்த ஓணான் மாதிரி நிக்கிது.
ஸ்குறூவ ஒரு போத்தில்ல போட்டு வையுங்க,
மறுகா பூட்டலாம்."

கண்ணாடிக் கறுப்பை நானே உரித்தேன்.
சுடுதண்ணீர், வகுப்பறை அடிமட்டம்,
பள்ளியால் வந்த சேலையோடு இரண்டு மணித்தியாலம்.
கடைசிச் சுருள் விழுந்தபோது
நானா ரயர்மேல் குந்தியிருந்து சிரித்தார்:
"இப்பதான் மிஸ்ஸ ஆக்களுக்குத் தெரியும்."
இவ்வளவு நாளும்
இந்த முகத்தை யாருக்கும் காட்டாமலா
பிள்ளையாரடியைக் கடந்திருக்கிறேன்?

சைலன்சரில்தான் சண்டை.
அந்தச் சத்தத்துக்கென்றே
முன்வீட்டு நாய் தனியாக ஒரு குரைப்பு வைத்திருந்தது.
புதுக்குழாய் பூட்டி நானா திறப்பைத் திருகினார்.
ஆஸ்பத்திரி வார்ட்டில் கதைப்பதுபோல
மெல்லக் கதைத்தது கார்.
அன்றிரவு குரல் வரவில்லை.
ஒரு பெருவிரல்கூட வரவில்லை.

பரிசோதகர் மெலிந்த மனிதர்.
என்ஜின் இலக்கத்தின் எண்ணெயைத் துடைத்து
ஒவ்வோர் எழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்.
சொல்வதெழுதல் கொப்பியை நான் திருத்துவதும் இப்படித்தான்,
பிழை இருக்கும் என்ற நம்பிக்கையோடு.
கைப்பிறேக்கை இழுத்துவிட்டுத் தள்ளச் சொன்னார்.
தள்ளினேன்.
செருப்புத்தான் வழுக்கியது.
லைற் போட்டபோது
இடது கண் மாமரத்தைப் பார்த்தது;
ஸ்குறூடிரைவர் கேட்டு வாங்கி
அதை றோட்டுக்கு இறக்கினார்.

சாரதிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.
பெடலடியில் ஒரு சின்ன நீல வெளிச்சம்.
"இது?"
விடிய நாலரைக்கு வெளிக்கிடுவேன் சேர்,
ஒருநாள் உள்ளுக்குள் சுருட்டை கிடந்தது,
தம்பி போக முதல் நாள் பூட்டினது.
தாளைப் பார்த்தார். அதில் இல்லை.
கதவைச் சாத்தினார், மெதுவாக.
ஏழுக்கும் சரி விழுந்தது.

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி
கைபேசியைக் குழாயோரம் பிடித்தேன்.
பன்னிரண்டு செக்கன்.
பாஸ் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.
வாவியில் தோணிக்காரன் ஒருவன்
நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு நாள் பேசாதவன்
உடனே பேசினான்:
"அக்கா, ரெண்டாவது பிளக் விட்டு விட்டு அடிக்குது.
நானாட்ட சொல்லுங்க."