வலை கேட்ட ராசா

மூக்கையூரில் குரிசு ராசாவை
வருசத்துக்கு ஒரு தரம் நான் கொல்கிறேன்.
மூங்கில் வில், ஈர்க்கு அம்பு.
பதினான்கு வயசில் கொடுத்த வேசம்.
நாற்பத்தொன்றிலும் அண்ணாவிக்கு நான்தான் பாலகன்;
மீசையை மட்டும் அன்றைக்கு மழித்துக்கொள்ள வேண்டும்.

அல்மாந்து ராசா எந்த நாட்டான் என்று ஏட்டில் இல்லை.
மேற்கே, வெகு மேற்கே,
பனி பெய்யும் பட்டணம் என்று ஒரு விருத்தம்.
ஆனால் கச்சானில் பாய் விரித்து வருகிறான்,
சோழகம் முறுகினால் கரை ஒதுங்குகிறான்,
படைக்குப் புளிச்சோறும் நெத்திலிக் கருவாடும் கட்டிக்கொண்டு
குதிரைகளைத் தோணியில் ஏற்றுகிறான்.
திருநகரை மீட்கப் போகிறவன்
நங்கூரம் போடுமுன்
அடியில் சேறா பாரா என்று ஈயக்குண்டு விட்டுப் பார்க்கிறான்.
எழுதியவன் எங்கள் ஆள்தான்.

சாயல்குடி லாரிப் பட்டறையில் அடித்தது வாள்.
சுல்தானின் பச்சைத் தலைப்பாகை
வாலிநோக்கம் சீனிக்காதர் வீட்டிலிருந்து வரும்.
கூடவே அவரும் வருவார்.
முன்வரிசையில் உட்கார்ந்து
இரண்டு படையும் வெட்டிச் சாகும்வரை
கடலை உரிப்பார்.
"எங்க பக்கமும் ஒரு ராசா கப்பல்ல வந்தாரு தம்பி.
இதே காத்து, இதே வாளு.
கொடிதான் வேற."

நகரம் ஒரு நீலப் படுதா.
அதன் வாசல் வரை போவான் ராசா, நுழைய மாட்டான்.
தாகத்தில் நாக்கு வறண்டவனுக்குச்
சுல்தான் ஒரு கூடை நுங்கு அனுப்புவான்.
தின்பான், அழுவான்,
மறுநாள் காலையில் மறுபடி வாள் எடுப்பான்.
அந்த இடத்தில் பெண்கள் பக்கம் எப்போதும் ஒரு முணுமுணுப்பு.
திரும்பும் வழியில்
பேரில்லாத சின்னக் கோட்டை ஒன்றின் சுவரில்
அண்ணனைப் பறிகொடுத்த பையன் நிற்கிறான்.
அது நான்.

அந்த வருசம் ராசா, கயித்தான்.
ஆடி மாசம் என் விசைப்படகு அவன் வலையை அறுத்திருந்தது.
இருபத்திரண்டு கிலோ.
சாமியார் பேசினார், கமிட்டி பேசியது.
"இருட்டு, தெரியல" என்றேன்.
இருட்டுதான்.
தெரிந்தது.

அம்பு பட்டது. விழுந்தான்.
என்னை இழுத்து வந்து நிறுத்தினார்கள்.
"பாலகனே, உன்னைப் பொறுத்தேன், போ" என்பது வசனம்.
கயித்தான் சொல்லவில்லை.
திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவி எடுத்துக் கொடுத்தார்,
ஒரு தரம், இரண்டு தரம்.
மூன்றாம் தரம் முன்வரிசைக்கே கேட்டது.
ஆர்மோனியக்காரர் அதே கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தார்.
காக்காப்பொன் கிரீடம் சரிந்து
ஒரு கண்ணை மறைக்க,
மற்ற கண்ணால் என்னைப் பார்த்து ராசா கேட்டான்:
"அறுத்த வலைக்கு யாரு பதில்?"

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தினார்கள்.
வில் என் கையில் இருந்தது.
"நாந்தான்" என்றேன்.
அது பையனின் குரலாக இல்லை.
ராசா கண்ணை மூடிக்கொண்டான்.

விடிந்ததும் பணம் கொண்டுபோனேன்,
பாதிதான் தேறியது.
எச்சில் தொட்டு எண்ணி வாங்கினான்.
அந்த வசனத்தை அப்போதும் சொல்லவில்லை.

மறுவருசம் ஏட்டில் ஒரு விருத்தம் கூடியிருந்தது,
புது மசியில்.
இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள்:
அல்மாந்து ராசா சாகும்போது கேட்டது
நகரத்தை அல்ல, வலையை.
சீனிக்காதரிடம் சொன்னேன்.
வெகுநேரம் தொலியை ஊதிக்கொண்டிருந்துவிட்டு,
"எங்க ராசா என்ன கேட்டாரோ" என்றார்.
"போர்வையத் தூக்கிட்டா விசாரிக்க முடியும்?"

மீதிப் பாதி இன்னும் பாக்கி.
அடுத்த வாரம் கொடியேற்றம்.
மீசையை மழிக்க வேண்டும்.